எங்கே பிறந்தது இந்த ஒழுக்கு

புது ரப்பர் வளையப் பொட்டலம் இன்று காலை வந்தது. பிரித்ததும் அந்த வாசனை. மழையில் நனைந்த செருப்பும் முகப் பவுடரும் கலந்தாற்போல. பொட்டலம் வந்தால் நீ எழுந்து நிற்பாய், மாப்பிள்ளை வீட்டார் வந்ததுபோல. "டேய், சம்பந்தி வந்துட்டாங்கடா" என்று சொல்ல இடது பக்கம் திரும்பினேன். உன் முக்காலிதான் இருந்தது. அதன்மேல் யாரோ தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தார்கள்.

திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய கேஸ் சிலிண்டர் மழையால் இன்று வரவில்லை. மெஷின் நிற்கிறது. எல்லோரும் டீக்கடை ரேடியோவைக் கேட்கப் போய்விட்டார்கள். எனக்கு எழுந்து போகவும் அலுப்பாக இருக்கிறது. வளையம் சுற்றி வந்த பழுப்புத் தாளை நீவி வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு; பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இப்போது பதினெட்டு. உனக்குப் பதினேழிலேயே நின்றுவிட்டது. ஆகவே நான் உனக்கு அண்ணன், மரியாதையாகப் படி.

நாம் இரண்டு பேரும் இந்த சோடா கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நீ சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாய், நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவிலிருந்து நடந்து வருவேன். பேர்தான் கம்பெனி. உள்ளே வந்து பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சிமெண்டுத் தொட்டி, கையால் சுற்றும் ஒரு மெஷின், ஆறு பேர். தொட்டியில் ஆரோக்கியம் அக்கா பாட்டில் கழுவி என்னிடம் தள்ளுவார். கழுத்துக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் நான் புதிது மாட்டுவேன். பிறகு தண்ணீர், எசன்ஸ். பிறகு மெஷின், சக்கரம் சுற்றுவதும் நான்தான். கேஸ் ஏறியதும் பாட்டிலுக்குள் கிடக்கும் கோலிக்குண்டு மேலே எழும்பி வளையத்தில் உட்கார்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். கடைசியில் நீ. ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்து, வாயைத் துணியால் ஒற்றி, கோலியைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று பார்ப்பாய். கசிந்தால் தனிப் பெட்டி.

சேர்ந்த முதல் வாரமே வாசல் பலகையை எழுதச் சொல்லி முதலாளி என்னிடம் கொடுத்தார், என் கையெழுத்து மணிமணியாக இருக்கிறதாம். நம்ம ஊரில் ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே. 'கோழி சோடா' என்று எழுதி மாட்டிவிட்டேன். அரை நாள் யாரும் கவனிக்கவில்லை. அவலூர்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் வந்து, "இத்த குடிச்சா முட்ட போடுமா?" என்று கேட்ட பிறகுதான் கொட்டகையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "எழுதும்போதே தப்புன்னு தெரிஞ்சுதா, எழுதனப்புறம் தெரிஞ்சுதா?" என்று கேட்டாய். வேண்டுமென்றுதான் எழுதினேன் என்றதும் உன் முகம் தொங்கிவிட்டது. உனக்குத் தப்பு வேண்டியிருக்கவில்லை. அது எந்த இடத்தில் நுழைந்தது என்பதுதான் வேண்டியிருந்தது.

கசிந்த பாட்டில்கள் எத்தனை என்று மாலையில் ஒரு தடவை கேட்பதோடு முதலாளிக்குத் தீர்ந்துவிடும். கூடுதலாக இருந்தால் யாரையாவது திட்டுவார். உனக்கு அது போதவில்லை. ஒரு நாள் சாக்பீஸால் சுவரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாடா, சொவரக் கெடுக்கற?"

"ஒழுவுற பாட்டில திட்டி இன்னா ஆவப்போவுது? அது எங்க பொறந்துச்சுன்னு கேக்கணும்."

"பாட்டிலுக்கு ஜாதகம் எழுதப் போறியா?"

"ஆமா. குந்து, கட்டம் போடலாம்."

நான்கு கட்டம் போட்டாய். கழுவல், வளையம், கேஸ், அடுக்கல். மேலே கொட்டை எழுத்தில் 'ஒழுக்கு' என்று தலைப்பு. கசிகிற ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழுத்தில் மண் இருந்தால் கழுவலில் ஒரு கோடு, வளையம் இளகியிருந்தால் வளையத்தில் ஒரு கோடு. தெரியாவிட்டால் கோடு போட மாட்டாய். கீழே ஒரு புள்ளி வைப்பாய். "தெரியாததத் தெரிஞ்ச மாரி எழுதனா அதுவும் ஒரு ஒழுக்குதான்டா" என்பாய்.

எனக்கு அந்தத் தலைப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் கடைசி எழுத்தின் வாலை நறுக்கிவிட்டு ஒரு 'ம்' போட்டேன். அன்றைக்கென்று முதலாளியின் மாமனார் வந்தார். சுவரை உரக்கப் படித்தார்: "ஒழுக்கம், பதினாலு." பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "பரவால்லியே, இவ்ளோ இருக்குதா இங்க" என்றார். நான் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ நிமிரக்கூட இல்லை. "எண்ணிக்க சரியா இருக்குதுல்ல, பேரு எதுவா இருந்தா இன்னா" என்றாய்.

அந்த எண்ணிக்கையில் நான் கை வைப்பேன் என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தை மாதம். நீ சாப்பிடப் போயிருந்தாய். கழுவல் கட்டத்தில் உன் கோடுகள் மூன்று வரிசையாக நின்றன, வேலிக் கால்கள் மாதிரி. மேலும் சில கோடுகளை அருகில் இழுத்தேன், நல்ல வேலியாகிவிட்டது. வேலிக்கு மேலே ஒரு ஆட்டுத் தலையை வரைந்து, அதற்கு ஒரு தாடியும் வைத்தேன். நீ வந்து பார்த்து ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. நீ வருவதற்குள் ஆரோக்கியம் அக்கா வந்துவிட்டார். முதலாளி பார்த்தால் என்னைத் தொலைத்துவிடுவார் என்று பயந்து, ஈரத் துணியால் ஆட்டைத் துடைத்தார். கோடுகளைத் தொடவில்லை. அவை உன் கணக்கு. உன் கணக்கை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

அடுத்து வந்தது முதலாளி. கழுவல் கட்டத்தை விரலால் எண்ணினார்.

"இன்னாம்மா கழுவற நீ? பாதி ஒழுக்கு ஒன் கட்டத்துலதான் நிக்குது. சனிக்கெழமையோட நின்னுக்க."

அக்கா கையிலிருந்த பிரஷைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு ஈரக் கையோடு நின்றார். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பாதவர். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. என் வாய் ஒரு நாளும் மூடியிருந்ததில்லை என்று ஊரே சொல்லும். அன்று மூடியிருந்தது.

நீ வந்தாய். சுவரைப் பார்த்தாய். "இது என் கோடு இல்ல."

"வேலிடா அது. மேல ஆடு இருந்துச்சு."

"ஆடு எங்க?"

"அக்கா தொடச்சிட்டாங்க."

நடந்ததைச் சொன்னேன். ஆடு இருந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாய். பிறகு, "ஒன் ஆடு அக்கா சோத்துல மேஞ்சிடுச்சுடா" என்றாய். அவ்வளவுதான்.

முதலாளியிடம் நீதான் போனாய். கோடுகள் தவறு என்று மட்டும் சொன்னாய், என் பேரைச் சொல்லவில்லை. அவர் விடவில்லை. "கோடு பொய்யின்னே வச்சிக்க. பாட்டில் ஒழுவறதும் பொய்யா?" என்றார். அது நியாயமான கேள்வி. ஒழுகல் நிஜமாகவே கூடிக்கொண்டுதான் இருந்தது. சனிக்கிழமைக்குள் எங்கே என்று காட்டு, இல்லாவிட்டால் அந்தம்மா போகட்டும் என்றார்.

நீ எல்லாக் கட்டத்தையும் அழித்தாய். மூன்று வாரக் கோடுகள் துணியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தன. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை எடுத்துவந்து, நான் புது வளையம் மாட்டுகிற பாட்டிலுக்கெல்லாம் அடியில் ஒரு பொட்டு வைத்தாய். பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலிருந்து காலி பாட்டில் ஒரே நாளில் திரும்பிவிடும். முதல் தடவை நிரப்பியபோது பச்சைப் பொட்டுக்காரர்கள் சமர்த்தாக இருந்தார்கள். இரண்டாம் தடவை நிரப்பியதும் ஒழுக ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமைக்குள் வளையக் கட்டம் நிரம்பிவிட்டது. கழுவலில் ஒரே ஒரு கோடு.

வளைந்த கம்பியால் ஒரு வளையத்தைத் தோண்டி எடுத்து, நகத்தால் அழுத்திப் பார்த்தாய். நமத்த அப்பளம் மாதிரி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாய்.

"இது இன்னா வாசன?"

"ரப்பர் வாசனடா, வேற இன்னா."

"வட வாசன வருது."

என் பெஞ்சுக்கு அடியில் இருந்த சின்ன சீசாவை நீ பார்த்தது அப்போதுதான். எங்கள் நைனாவுக்குக் கடலை மில்லில் வேலை என்பது உனக்குத் தெரியும். வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் கடலை எண்ணெய்க்கு வந்ததில்லை. நம்ம ஊரில் கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், காது வலித்தால் எண்ணெய், மோதிரம் கழலாவிட்டால் எண்ணெய். காய்ந்த ரப்பர் வளையம் பாட்டில் கழுத்துக்குள் சண்டித்தனம் செய்யும். விரல் தோல் உரியும். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். இரண்டு மாதமாக அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

நீ இரண்டு கொட்டாங்கச்சி எடுத்தாய். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் சோப்புத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு புது வளையம் போட்டு ஜன்னலில் வைத்தாய். சனிக்கிழமை காலையில் இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, சோப்பில் கிடந்தது போட்டபடியே இருந்தது. எண்ணெயில் கிடந்தது உப்பிப்போய்ப் பெரிதாகியிருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்தவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலாளி இரண்டையும் அழுத்திப் பார்த்தார். "எவன்டா எண்ண போட்டான்?"

நான் உனக்கு இரண்டடி பின்னால் நின்றேன். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வாய்க்குள் நாக்கு உப்பிய வளையம் மாதிரி கிடந்தது.

"எவன்னு கேக்காதீங்க மொதலாளி," என்றாய் நீ. "எவன்னு கேட்டா நாளைலேர்ந்து ஒருத்தனும் ஒழுக்கக் காட்ட மாட்டான், மறச்சிடுவான். எங்கன்னு கேளுங்க. எங்கன்னு காட்டிட்டேன்."

"பெரிய வக்கீலு இவரு," என்றார். ஆனால் வளையத்தைக் கீழே போடாமல் இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, "நீ வேலையப் பாரும்மா" என்றார். மன்னிப்பெல்லாம் அவருக்குத் தெரியாத பாஷை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிரஷை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீ என்னோடு தெருமுனை வரைக்கும் நடந்தாய். இப்போது திட்டுவான், இப்போது திட்டுவான் என்று காத்துக்கொண்டே வந்தேன். "திங்கக்கெழமைலேர்ந்து சோப்புத் தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டாய். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

வளையக் கட்டம் காலியானது. நிம்மதி என்று நான் நினைத்தேன். மாசி பிறந்து, ஊரைச் சுற்றிய மலைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் நம் தகரத்தின்மேல் துப்ப ஆரம்பித்ததும் கேஸ் கட்டம் நிரம்பியது. சூட்டில் பாட்டில் வெடித்தது. பெட்டிகளுக்கு ஈரச் சாக்குப் போட்டாய். அது அடங்கியதும் அடுக்கலில் கோடு விழுந்தது. ஒரு ஒழுக்கை அடைத்தால், அதுவரை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வந்து நிற்கிறது. ஒருநாள் நீயே முக்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய்.

"சலிப்பா இருக்குதுடா."

"அப்ப நிறுத்திடேன். முன்னைக்கு இப்ப எவ்ளோ கொறஞ்சிடுச்சு."

"நிறுத்தனா கொறஞ்ச எடத்துலயே நிக்காதுடா. பழய எடத்துக்கே பூடும்."

அது வெறும் சலிப்பு இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. பங்குனிக் கடைசியில் உன் கண் மஞ்சளாகியது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் இருந்தாய், பிறகு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நான் வந்து உன் காலருகே உட்கார்ந்து, "எசன்ஸ் டப்பாவுல வுழுந்துட்டியாடா, கலர் நல்லா ஏறியிருக்குது" என்றேன். சிரித்தாய். அதற்கு முன்னால் என் வேடிக்கை எதற்கும் நீ அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "இது எங்க பொறந்துச்சுன்னு தெரியலடா" என்றாய்.

டாக்டரைக் கேட்டேன். "தண்ணி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எந்தத் தண்ணீர்? கிணறா, ஏரியா, கம்பெனித் தொட்டியா, வழியில் வாங்கிக் குடித்ததா? கீழே ஒரு புள்ளிதான் வைக்க முடிந்தது. சித்திரையில் நீ போய்விட்டாய்.

அதிலிருந்து சாக்பீஸ் என்னிடம். ஆசையாக வாங்கிக்கொண்டேன் என்று நினைக்காதே. கோடு போடுகிற ஒவ்வொரு சாயங்காலமும், இதில் ஒரு மீசை வைத்தால் எப்படியிருக்கும் என்று கை துடிக்கத்தான் செய்கிறது. உன் வேலைக்கு இப்போது அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் ஒருவர் வருகிறார்; கல்யாணமானவர், நின்றுகொண்டே பாட்டில் பார்ப்பவர். போன அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்துக்காக வாரம் முழுக்கப் பெட்டி பெட்டியாகச் சோடா அடித்தோம். வாரக் கடைசியில் ஒழுக்கு ஏறிவிட்டது. நேற்று முதலாளி நேரே அவரிடம் போய், "இன்னாய்யா பாக்கற நீ, கண்ணு எங்க இருக்குது?" என்றார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சுவரைப் பார்த்தேன். காலையில் அடித்தவை எல்லாம் நல்ல பாட்டில்கள். சாயங்காலம் அடித்தவைதான் ஒழுகின, அதுவும் கோலி இறுக உட்காராமல். சாயங்காலம் எனக்குத் தோள் கழன்றுபோகும். சக்கரத்தில் சில சுற்றுகளைக் குறைத்துவிடுவேன். யாரும் எண்ணுவதில்லையே.

"அவரு இல்ல மொதலாளி," என்றேன். "சாயங்காலம் சக்கரம் கொறவா சுத்தியிருக்குது. சுத்தனது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். கடைசியில், "அப்ப சாயங்காலம் ஆள மாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவுதான் விஷயம். தை மாதமே முடிந்திருக்க வேண்டியது.

சொன்ன வாயோடு தொட்டிக்குப் போனேன். ஆரோக்கியம் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"அக்கா, அந்த எண்ண போட்டது நான்தான். அந்த வேலியும் நான்தான்."

"தெரியும் தம்பி. பாட்டில் கழுவறவளுக்குப் பிசுக்கு தெரியாதா? ஆட்டத் தொடச்சவளுக்கு அப்பறமாவது வேலி தெரியாதா?"

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்தப் புள்ள வந்து, வாணாம்க்கா, அவனே சொல்லுவான், கொஞ்சம் லேட்டாவும்னு சொல்லுச்சு." ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு, "நல்லா லேட்டு பண்ண போ. பத்து மாசம் சொமந்து பெத்திருக்கற" என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு முகம் கழுவுவதுபோல் தொட்டிக்குள் குனிந்துகொண்டேன். அக்கா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "தண்ணி மாத்தணும், ஒரு கை புடி" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து தொட்டித் தண்ணீரை வாரி வெளியே கொட்டினோம்.

அதற்குப் பிறகு சுவரில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன். எவன் என்று கேட்காதே என்றாய். அடுத்தவனைத்தானே கேட்கக் கூடாது. கட்டத்துக்கு 'நான்' என்று பேர் எழுதினேன். நம்ம ஊர்க் காதுக்கு னகரமும் ணகரமும் ஒன்றுதான்; 'நாண்', அதாவது வெட்கம், என்று படிக்கிறவர்கள் அப்படியே படித்துக்கொள்ளட்டும், எழுத்துப்பிழை என்று சொல்ல மாட்டேன். நேற்றுச் சாயங்காலத்துக்குள் அதில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. இரண்டுமே என் ஒழுக்கு, நானே போட்டவை. எண்ணிக்கை சரியாக இருக்கிறது.